முதல் ஐடி வேலைக்கு சோழிங்கநல்லூர் போகிறேன், அம்மாவோடு வீடு எடுப்பதா, நான் மட்டும் ஹாஸ்டலா?

கரிசல்பூ எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். எங்களுக்குக் கோவில்பட்டிப் பக்கம் ஒரு கிராமம். அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்திருக்கிறேன். கேம்பஸில் ஒரு ஐடி கம்பெனியில் வேலை கிடைத்தது, அடுத்த மாதம் முதல் வாரம் சோழிங்கநல்லூரில் வந்து சேரச் சொல்லி மெயில் வந்திருக்கிறது. ஆஃபர் லெட்டரில் வருடத்துக்கு 3,60,000 என்று போட்டிருக்கிறார்கள்.

அப்பா இல்லை. அம்மா பதினெட்டு வருடமாகத் தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்குப் போகிறார்கள். தம்பி ப்ளஸ் ஒன் படிக்கிறான். காலேஜ் முழுக்க புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் வந்த ஆயிரம் ரூபாயில்தான் என் பஸ், ஜெராக்ஸ், பரீட்சை ஃபீஸ் எல்லாம் ஓடியது. மெட்ராஸுக்கு இதுவரை ஒரே ஒரு தடவை, அதுவும் இன்டர்வியூவுக்குப் போய்விட்டு அன்று ராத்திரியே திரும்பியிருக்கிறேன்.

இப்போது வீட்டில் என்ன பேச்சு என்றால், வயசுப்பிள்ளையைத் தனியாக அனுப்ப அம்மாவுக்கு மனசு வரவில்லை. தன்னுடைய இரண்டு பவுன் சங்கிலியை அடகு வைத்து, மகளிர் சுயஉதவிக் குழுவிலும் கொஞ்சம் லோன் எடுத்து, சோழிங்கநல்லூரிலேயே ஒரு சின்ன வீடு பிடித்து மூன்று பேரும் போய்விடலாம் என்கிறார்கள். புரோக்கர் ஒருவரிடம் போனில் பேசினோம். ஒற்றை பெட்ரூம், வாடகை 13,000, அட்வான்ஸ் ஆறு மாதம், அவருக்கு ஒரு மாத வாடகை கமிஷன். மாதம் 30,000 வரும், வாடகை போனாலும் 17,000 மிஞ்சும், ஆறு மாதத்தில் சங்கிலியை மீட்டுவிடலாம் என்று அம்மா நோட்டில் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள்.

எனக்கு அந்த நோட்டைப் பார்க்கும்போதே பயமாக இருக்கிறது. நான் ட்ரெய்னிங்கில் பாஸ் ஆகவில்லை என்றால் என்ன செய்வது? பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம், இங்கிலீஷ் படித்தால் புரியும், பேச வாய் வராது. அங்கே இருக்கிற அண்ணன்கள், அக்காக்கள் உண்மையைச் சொல்லுங்கள். வீடா, ஹாஸ்டலா?

---

ஓஎம்ஆர்_அக்கா எழுதியது:

தங்கச்சி, முதலில் வாழ்த்துகள். நான் ஏழு வருடமாக இந்த ஓஎம்ஆர், அதாவது பழைய மகாபலிபுரம் ரோட்டில்தான் வேலை பார்க்கிறேன், ஊர் விளாத்திகுளம் பக்கம், அதனால் உன் வீட்டுப் பேச்சு அப்படியே என் காதில் விழுகிறது. நேராகச் சொல்கிறேன், இப்போது வீடு எடுக்க வேண்டாம், சங்கிலியில் கை வைக்க வேண்டாம்.

அந்த நோட்டுக் கணக்கில் ஒரு தப்பு இருக்கிறது. 3,60,000-ஐ பன்னிரண்டால் வகுத்தால் 30,000 வரும், ஆனால் அது உன் அக்கவுன்ட்டுக்கு வராது. உனக்காகக் கம்பெனி கட்டுகிற பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி), கிராஜுவிட்டி (பணிக்கொடை), சில இடத்தில் இன்சூரன்ஸ் பிரீமியம் வரைக்கும் அந்தத் தொகைக்குள்ளேயே சேர்த்துத்தான் காட்டுவார்கள். பேசிக், அதாவது அடிப்படைச் சம்பளம், 15,000 என்று வைத்துக்கொள். அதில் 12 சதவீதம், 1,800, கம்பெனி பங்கு. இன்னொரு 1,800 உன் பங்கு. கிராஜுவிட்டி 4.81 சதவீதம், எழுநூற்றுச் சொச்சம். மிச்சம் 25,700 பக்கம். ஆஃபர் லெட்டரின் கடைசிப் பக்கத்தில் ஒரு டேபிள் இருக்கும், அதில் வேரியபிள் பே என்று ஏதாவது இருக்கிறதா பார். பத்து சதவீதம் அப்படிப் போட்டிருந்தால் மாதம் இன்னும் 3,000 குறையும், அது மூன்று மாதத்துக்கோ வருடத்துக்கோ ஒரு தடவை, ரேட்டிங்கைப் பொறுத்துத்தான் வரும். இந்தச் சம்பளத்துக்கு வருமான வரி கிடையாது, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை தொழில் வரி மட்டும் பிடிப்பார்கள். ஆக மாதம் 22,000-இலிருந்து 25,000 என்று வைத்துக்கொண்டு யோசி. அதில் 13,000 வாடகை, கரன்ட் பில், கேஸ், கேன் தண்ணீர், மூன்று பேர் சாப்பாடு, அடகு வட்டி, குழுத் தவணை, எல்லாம் போக என்ன நிற்கும்? அம்மாவின் கூலியும் நின்றுபோயிருக்கும்.

அப்புறம் அட்வான்ஸ். 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தில், வேறு மாதிரி ஒப்பந்தம் போட்டுக்கொண்டால் தவிர, மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்றுதான் இருக்கிறது. நடைமுறையில் ஆறும் பத்தும் கேட்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பிற்பாடு எப்போது வீடு எடுத்தாலும் இதைச் சொல்லிப் பேசிப் பார், குறைத்துக்கொள்வார்கள்.

ஆபீஸிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் சேர்ந்துவிடு. மூன்று பேர் ரூம், சாப்பாட்டோடு ஏழிலிருந்து ஒன்பதாயிரத்துக்குள் கிடைக்கும். நடக்கிற தூரம் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை 45 கிலோமீட்டருக்கு மெட்ரோ வழி போடுகிறார்கள், ஓஎம்ஆர் முழுக்க தடுப்பு வைத்து ரோடு சுருங்கிக் கிடக்கிறது. ஆயிரம் ரூபாய் குறைகிறதே என்று நான் முதல் வருடம் தாம்பரத்தில் தங்கினேன். மேடவாக்கம், பெரும்பாக்கம் தாண்டி வந்து சேர ஒன்றேகால் மணி நேரம், மழை பெய்தால் இரண்டு. ட்ரெய்னிங்கில் மற்றவர்கள் ராத்திரி உட்கார்ந்து புரோகிராம் போட்டுப் பார்த்த நேரத்தில் நான் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த நேரம் எனக்குத் திரும்பக் கிடைக்கவே இல்லை, உனக்காவது கிடைக்கட்டும்.

---

வைப்பாற்றுக்காரன் எழுதியது:

அக்கா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எனக்கும் சென்னை லொகேஷன் என்று எழுதித்தான் ஆஃபர் வந்தது. நாலு மாதம் ட்ரெய்னிங் முடிந்ததும் புராஜெக்ட் புனேயில் இருக்கிறது, பத்து நாளில் போய்ச் சேர் என்று மெயில் வந்தது. என்னோடு சேர்ந்தவர்களில் பாதிப் பேரை ஹைதராபாத், பெங்களூரு என்று பிரித்து அனுப்பினார்கள். ஒருவன் அப்போதுதான் பதினோரு மாத அக்ரிமென்ட் போட்டு வீட்டுக்குக் குடிபோயிருந்தான், அட்வான்ஸில் இரண்டு மாத வாடகையைக் கழித்துக்கொண்டுதான் வீட்டுக்காரர் கொடுத்தார். புராஜெக்ட் எந்த ஊரில் என்று தெரிகிற வரைக்கும் எங்கேயும் பெரிய பணத்தை முடக்காதீர்கள். தம்பியை ப்ளஸ் ஒன் நடுவில் பள்ளிக்கூடம் மாற்றுவதும் சரியில்லை, அவன் ப்ளஸ் டூ முடிக்கட்டும்.

---

கரிசல்பூ எழுதியது:

அக்கா, டேபிளைப் பார்த்தேன். வேரியபிள் பே 36,000 என்று இருக்கிறது. நீங்கள் சொன்ன மாதிரியே 22,700 பக்கம்தான் வருகிறது. அம்மாவிடம் வரி வரியாகப் படித்துக் காட்டினேன், ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "அந்த ஹாஸ்டல்ல யார் யாரு இருப்பா, கதவு தாழ்ப்பா நல்லா இருக்குமா"ன்னு கேட்டார்கள். அதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை.

---

சாத்தூர்_அம்மா எழுதியது:

பாப்பா, இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். என் மகளை 2022-இல் இதே சோழிங்கநல்லூருக்குக் கொண்டுபோய் விட்டவள் நான். உன் அம்மா பயப்படுவதில் தப்பே இல்லை, அந்தப் பயத்தை வீட்டில் உட்கார்ந்து பட வேண்டாம், நேரில் வந்து பார்த்துத் தீர்த்துக்கொள்ளச் சொல். வேலையில் சேர்வதற்கு நாலு நாள் முன்னாடியே இரண்டு பேரும் கிளம்பிப் போங்கள். நிறைய ஹாஸ்டலில் தினசரிக் காசு வாங்கிக்கொண்டு அம்மாவை இரண்டு மூன்று நாள் கூடத் தங்க விடுவார்கள்.

நான் மூன்று ஹாஸ்டல் ஏறி இறங்கினேன். சாயங்காலம் போனால் எல்லாம் கழுவித் துடைத்து நன்றாகத்தான் இருக்கும், காலையில் ஏழரைக்குப் போ. முதல் ஹாஸ்டலில் ஒரு பாத்ரூம் வாசலில் ஆறு பிள்ளைகள் பக்கெட்டோடு நின்றார்கள், பக்கெட்டில் நெயில் பாலிஷால் பேர் எழுதி வைத்திருந்தார்கள், உள்ளே தாழ்ப்பாள் பாதி கழன்று தொங்கியது. அடுத்ததில் அடுப்படிக்குள் போக விடவே இல்லை. மூன்றாவதில் வார்டன் அம்மா தானே ஒரு கரண்டி சாம்பார் ஊற்றிக் கொடுத்தார், பருப்பு இருந்தது, ராத்திரி லேட்டாக வருகிற பிள்ளைகளுக்குத் தட்டில் மூடி வைத்திருந்ததையும் பார்த்தேன். அங்கேதான் சேர்த்தேன். அந்தப் பக்கம் போர்த் தண்ணீர் உப்பு, தலைமுடி கொட்டும், குளிக்க லாரித் தண்ணீர் வருகிறதா என்று கேட்டுக்கொள். மழைக்காலத்தில் வாசலில் தண்ணீர் நிற்குமா என்று ஹாஸ்டல்காரரிடம் கேட்காதே, எதிர்த்த டீக்கடையில் கேள். 2023 டிசம்பர் புயலின்போது பெரும்பாக்கம், பள்ளிக்கரணைப் பக்கமெல்லாம் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று அவர்கள் கை வைத்துக் காட்டுவார்கள். முடிந்தால் மாடி ரூமாகக் கேட்டு வாங்கு.

டெபாசிட் கொடுத்தால் எவ்வளவு திரும்ப வரும், எத்தனை நாள் முன்னாடி சொல்ல வேண்டும் என்பதை ரசீதிலேயே எழுதி வாங்கு. என் மகள் பிறகு மாறிய ஒரு ஹாஸ்டலில் இதை வாங்காமல் விட்டு 5,000 போனது. வேலைக்குப் போகிற பெண்களுக்கான அரசாங்கத்தின் தோழி விடுதியும் இருக்கிறது, தாம்பரம் சானடோரியம், கூடுவாஞ்சேரி, அடையாறில் எல்லாம் உண்டு, பாதுகாப்பில் குறை சொல்ல முடியாது. உனக்குத் தூரம்தான், ஆனாலும் ஒரு பேச்சுக்குத் தெரிந்து வைத்துக்கொள், புராஜெக்ட் வேறு பக்கம் போட்டால் உதவும்.

---

ஓஎம்ஆர்_அக்கா எழுதியது:

இங்கிலீஷ் பற்றிக் கேட்டாயே, அதை விட்டுவிட்டேன். நானும் தமிழ் மீடியம்தான். முதல் மூன்று மாதம் மீட்டிங்கில் மைக்கை மியூட்டில் போட்டுக்கொண்டு, என் பேரைக் கூப்பிட்டால் கை நடுங்க உட்கார்ந்திருந்தவள். தினமும் காலையில் ஸ்டாண்ட்-அப் என்று பதினைந்து நிமிடம் ஒரு மீட்டிங் இருக்கும். நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்யப்போகிறேன், எங்கே மாட்டிக்கொண்டு நிற்கிறேன், இந்த மூன்றைத்தான் சொல்ல வேண்டும். நான் அந்த மூன்று வரியையும் முந்தின ராத்திரியே நோட்டில் எழுதி, ஹாஸ்டல் மாடியில் நடந்துகொண்டே சத்தமாகச் சொல்லிப் பார்ப்பேன். நாலு மாதத்தில் நோட்டுத் தேவைப்படவில்லை. கிராமர் தப்பை யாரும் எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை, சொல்ல வந்தது புரிந்தால் போதும் அவர்களுக்கு.

இதைவிட முக்கியம், தெரியாததைத் தெரியாது என்று சீக்கிரம் சொல்வது. அரை மணி நேரம் நீயே முயற்சி செய், அதற்கு மேல் ஓடவில்லை என்றால் என்னென்ன செய்து பார்த்தாய், என்ன எரர் வந்தது என்பதை எழுதி சீனியரிடம் கேள். வெட்கப்பட்டு இரண்டு நாள் அமைதியாக இருந்த பிள்ளைகள்தான் அசெஸ்மென்ட்டில் தடுமாறினார்கள். நம்மூர்ப் பிள்ளைகளுக்கு இந்தக் கூச்சம் அதிகம், எனக்கும் இருந்தது, அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன். ட்ரெய்னிங்கில் ஒரு பேப்பர் போனாலும் பெரும்பாலும் இன்னொரு வாய்ப்பு கொடுப்பார்கள், முதல் நாளே ஹெச்ஆரிடம் கேட்டு விதியைத் தெரிந்துகொள்.

கிளம்புவதற்கு முன்னால் ஒரு வேலை. ஆதார், பான், மார்க்‌ஷீட், பேங்க் பாஸ்புக் நாலையும் ஒன்றாக வைத்துப் பார். நம் ஆட்களுக்கு ஒன்றில் இனிஷியல் முன்னால், ஒன்றில் பின்னால், ஒன்றில் அப்பா பேர் முழுசாக என்று இருக்கும். பிஎஃப் கணக்குத் தொடங்கும்போதும், வெரிஃபிகேஷனிலும் அதுதான் இழுக்கும். இப்போதே எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இருக்கும்படி திருத்திவிடு. ஒரிஜினல் சர்டிஃபிகேட்டைக் காட்டலாம், கையில் கொடுத்துவிட்டு வராதே. இத்தனை வருடம் வேலையை விட மாட்டேன் என்று பாண்ட் ஏதாவது கையெழுத்துக் கேட்டால் எத்தனை வருடம், எவ்வளவு தொகை என்று படித்துவிட்டுப் போடு.

---

கரிசல்பூ எழுதியது:

எல்லாருக்கும் நன்றி, நிஜமாகவே பெரிய உதவி. அம்மா ஒத்துக்கொண்டார்கள். ஆறு மாதம் ஹாஸ்டல், புராஜெக்ட் தெரிந்த பிறகு வீட்டைப் பற்றிப் பேசலாம், தம்பி ப்ளஸ் டூ முடிக்கிற வரை அவர்கள் ஊரிலேயே இருப்பதாகப் பேசியிருக்கிறோம். கைச்செலவுக்கும் டெபாசிட்டுக்கும் சேர்த்துப் பதினைந்தாயிரம் சித்தியிடம் வாங்கியிருக்கிறோம், வட்டி கிடையாது. அம்மா ஆபீஸில் நாலு நாள் லீவு கேட்டிருக்கிறார்கள். நெல்லை எக்ஸ்பிரஸில் எழும்பூர் வரைக்கும் டிக்கெட் போட்டுவிட்டேன். அங்கேயிருந்து சோழிங்கநல்லூருக்கு எப்படிப் போவது, ஆட்டோ எவ்வளவு கேட்பார்கள்?

---

வைப்பாற்றுக்காரன் எழுதியது:

எழும்பூர் வரைக்கும் போக வேண்டாம்மா, தாம்பரத்திலேயே இறங்கிவிடுங்கள். அதிகாலையில் வரும், செங்கல்பட்டு தாண்டியதும் பையை எடுத்து வைத்துத் தயாராக இருங்கள். இறங்கி கிழக்குத் தாம்பரம் பக்கம் வந்தால் மேடவாக்கம் வழியாக சோழிங்கநல்லூர் போகிற பஸ் கிடைக்கும். முன்னால் பிங்க் பெயின்ட் அடித்த சாதாரண பஸ்ஸாகப் பார்த்து ஏறினால் உங்கள் இரண்டு பேருக்குமே டிக்கெட்டுக்குக் காசு கிடையாது, பெண்களுக்கு இலவசம். தீபாவளி எந்தத் தேதி என்று இப்போதே பார்த்து, ஊருக்குக் கிளம்புகிற நாளுக்கு அறுபது நாள் முன்னாடி காலை எட்டு மணிக்கே டிக்கெட் போட்டுவிடுங்கள், திரும்புகிற டிக்கெட்டையும் அதே மாதிரி அந்தத் தேதிக்கு அறுபது நாள் முன்னாடி போடுங்கள்.