வைகைக் கரையில் பழைய சாயப்பட்டறை நிலம்: வீடும் கடையும் கட்டுமுன் என்ன பார்க்கணும்?

கேள்வி: வடகரை
மதுரை செல்லூர்ப் பக்கம் மூடிக் கிடக்கும் சாயப்பட்டறை, மூன்றரை ஏக்கர். கீழே கடை, மேலே வீடு, நடுவில் திறந்தவெளி, பேஸ்மென்ட்டில் பார்க்கிங் என்று யோசனை. கழிவுநீர்த் தொட்டி இரண்டும் காய்ந்த சேறோடு அப்படியே இருக்கு. எதில் தொடங்குவது?

பதில்: மண்சோதனை
வரைபடம் போடும் முன் மண்ணைப் பாருங்க சார். 20 மீட்டருக்கு ஒரு துளை. தொட்டி, பாய்லர், சேறு காயவைத்த களம் இருந்த இடத்தில் 5 மீட்டருக்கு ஒன்று. அரை மீட்டர், 1, 2, 3 மீட்டர் ஆழங்களில் தனித்தனி மாதிரி எடுங்க. எல்லாவற்றையும் கலந்து ஒரே மாதிரியாகக் கொடுத்தால் கெட்ட இடம் நல்ல இடத்துக்குள் மறைந்துவிடும். குரோமியம், செம்பு, துத்தநாகம், எண்ணெய் பார்க்கச் சொல்லுங்க. குளோரைடு, சல்பேட்டை விட்டுடாதீங்க: சாயமேற்ற மூட்டை மூட்டையாக உப்பு கொட்டியிருப்பாங்க. குளோரைடு கம்பியை அரிக்கும், சல்பேட் கான்கிரீட்டைத் தின்னும். அஸ்திவாரக் கலவையை முடிவு செய்வதே இந்த ரிப்போர்ட்தான்.

தொட்டிச் சேறு அபாயகரக் கழிவு. லாரியில் ஏற்றி ஏதாவது பள்ளத்தில் கொட்டுவது பெரிய தப்பு. மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதியோடு கும்மிடிப்பூண்டி போன்ற அங்கீகரித்த இடத்துக்குத்தான் போகணும்.

பதில்: சர்வேகல்
நிலஅளவை வரைபடத்தில் ஆற்றுப் புறம்போக்கு எல்லையை முதலில் அளங்க. உங்க மூன்றரை ஏக்கர் 14,000 சதுர மீட்டருக்கு மேல் வருவதால் திறந்தவெளிக்குப் பத்து சதவீதம், ஏறக்குறைய 35 சென்ட், தானமாகக் கொடுக்கணும். தளப்பரப்புக் குறியீடு (நிலத்தைப் போல எத்தனை மடங்கு தளம் கட்டலாம் என்ற கணக்கு) 2 என்றால் 28,000 சதுர மீட்டர் கட்டலாம். 20,000 தாண்டினாலே சுற்றுச்சூழல் அனுமதி வேணும்.

கேள்வி: வடகரை
நன்றி. மழைநீர்க் குழியை எல்லாப் பக்கமும் போட்டால் உப்பு தானே கழுவிப் போகாதா?

பதில்: மண்சோதனை
போகும், பக்கத்து வீட்டுக் கிணத்துக்கு! கெட்ட மண் இருக்கும் இடத்தில் குழியே கூடாது. அங்கே கூரைத் தண்ணியைத் தொட்டியில் பிடிங்க. 1,000 சதுர மீட்டர் கூரையில் 50 மில்லிமீட்டர் மழைக்கு, வீணாவது போகச் சுமார் 42,000 லிட்டர் கிடைக்கும். மிச்சத்தைத் திறந்த வாய்க்காலில் விடுங்க. சுவீடனின் மால்மோவில், பழைய கப்பல் கட்டும் தளத்தில் 2001-இல் எழுந்த குடியிருப்பில் மழைநீர் திறந்த வாய்க்கால் வழியாகத்தான் ஓடுது.

பேஸ்மென்ட் வேண்டாம். தோண்டும்போது வெளியே இறைக்கும் தண்ணியும் கழிவுதான், எங்கே விடுவீங்க? அதோட ஆற்றில் தண்ணி வந்து நிலத்தடி நீர் ஏறினால், பேஸ்மென்ட் அடித்தளத்துக்கு மேலே நிற்கும் ஒவ்வொரு மீட்டர் தண்ணிக்கும் சதுர மீட்டருக்கு ஒரு டன் மேல்நோக்கித் தள்ளும். அதை எடையால் மட்டும் அடக்க 40 சென்டிமீட்டர் கான்கிரீட் வேணும். மண்ணுக்குள் புதைத்த காலித் தொட்டியும் இப்படித்தான் மிதக்கும்.

சேறு இருந்த பகுதியில் தூண் எழுப்பித் தரைமட்டத்தில் பார்க்கிங், கடை. குழந்தைகள் விளையாட்டிடமும் மரமும் சுத்தமான மண்ணில்.