நெடுந்தூரக் கார்ப் பயணத்தில் திரையை அணைத்துவிட்டு விளையாடத்தான் வேண்டுமா?

சாளரவாசி:
நெடுந்தூரப் பயணத்தில் பின்னிருக்கையில் இருப்பவர்கள் ஆளுக்கொரு கைப்பேசிக்குள் மூழ்கிவிடுவது வழக்கமாகிவிட்டது. கையில் எந்தப் பொருளும் இல்லாமல் எல்லோரும் சேர்ந்து ஆடக்கூடிய விளையாட்டுகளே அதைவிட மேலானவை என்பது என் கட்சி. ஒருவர் நினைத்த பொருளை, ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று மட்டுமே விடை வரக்கூடிய இருபது கேள்விகளுக்குள் மற்றவர்கள் கண்டுபிடிக்கும் ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு கேள்வியும் மிச்சமிருப்பவற்றைச் சரிபாதியாக வெட்டினால், இருபது கேள்விகளில் 10,48,576 பொருள்களிலிருந்து ஒன்றைப் பிரித்தெடுத்துவிடலாம். முதல் கேள்வியிலேயே ‘யானையா?’ என்று பாய்கிற குழந்தை, சில சுற்றுகளுக்குள் ‘அதற்கு உயிர் உண்டா?’ என்று தொடங்கக் கற்றுக்கொள்வதை எந்தத் திரையும் நமக்குக் காட்டப்போவதில்லை.

அமைதிப்பிரியன்:
நண்பரே, தங்கள் ஆட்டம் அரை மணி நேரத்துக்கு நன்றாகத்தான் இருக்கும். எட்டு மணி நேரப் பயணத்தில் மிச்சமுள்ள ஏழரை மணி நேரத்துக்கு என்ன செய்வது? கார் என்பது எழுந்து வெளியே போக முடியாத அறை. அங்கே ஒருவருடைய உற்சாகம் மற்ற நால்வர்மீதும் திணிக்கப்படுகிறது. பதினைந்து வயதுப் பிள்ளையை வற்புறுத்தி விளையாட வைத்தவர்களுக்கு, அவன் ஒற்றைச் சொல்லில் விடை சொல்லியே ஆட்டத்தைக் கொன்றுவிடும் விதம் தெரிந்திருக்கும். தோற்ற சிறுவனின் அழுகையையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். அவரவர் காதில் அவரவர் கதையோ இசையோ ஒலித்துக்கொண்டிருப்பதில் என்ன குறை?

சாளரவாசி:
காதில் ஒலிப்பதை நான் எதிர்க்கவில்லை. கண்ணைக் கீழே இழுக்கும் திரையைத்தான் எதிர்க்கிறேன். வண்டி வளைவதையும் வேகம் மாறுவதையும் உட்செவி உணர்ந்துகொண்டிருக்க, மடியில் உள்ள திரையைப் பார்க்கும் கண்ணோ எதுவும் அசையவில்லை என்று மூளைக்குச் சொல்கிறது. இந்த முரண்பாட்டிலிருந்துதான் பயணக் குமட்டல் பிறக்கிறது என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். இரண்டு முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள குழந்தைகளை அது கூடுதலாகப் படுத்தும். ஆகவே சாளரத்துக்கு வெளியே பார்க்க வைக்கும் ஆட்டங்களே சிறந்தவை. சாலையோரத்தில் கிலோமீட்டர் கற்கள் இருந்தால், ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்வரை எத்தனை நொடிகள் ஆகின்றன என்று எண்ணி, 3,600ஐ அந்த எண்ணால் வகுத்தால் வண்டியின் வேகம் கிடைத்துவிடும்: 45 நொடி என்றால் மணிக்கு 80 கிலோமீட்டர், 36 நொடி என்றால் 100. எதிரே நிற்கும் வண்டியின் எண் பலகையில் நான்கு இலக்கங்கள் இருந்தால், அவற்றைக் கூட்டியும் கழித்தும் பெருக்கியும் வகுத்தும் பத்தை வரவழைக்கலாம். 7294 என்றால் 9+7−4−2. சிறுவர்கள் இதில் பெரியவர்களைத் தோற்கடிப்பார்கள்.

சக்கரத்தின்பின்:
வண்டி ஓட்டுகிறவன் என்ற முறையில் குறுக்கிடுகிறேன். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரு நொடிக்குள் ஏறக்குறைய 28 மீட்டர் கடந்துவிடுகிறது. அந்த வேகத்தில் நான் எண் பலகையைப் பார்த்துப் பெருக்கல் போட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கக் கூடாது. பக்கத்தில் இருப்பவர் சாலையைத் தானும் பார்ப்பதால், நெரிசல் வந்ததும் பேச்சைத் தானாகவே நிறுத்திக்கொள்வார். ஆட்டத்தில் வெற்றி தோல்வி வந்துவிட்டால் அந்த நிதானம் போய்விடுகிறது. ‘உங்கள் முறை, சீக்கிரம் சொல்லுங்கள்’ என்ற குரல் எப்போதும் லாரியை முந்தும் நேரத்தில்தான் வரும். வேகத்தை நொடி எண்ணிக் கண்டுபிடிக்கும் விளையாட்டைப் பற்றி நான் எதுவும் சொல்லாமல் இருப்பதே நல்லது.

அமைதிப்பிரியன்:
சாளரவாசி தந்த விளக்கம் என் கட்சிக்கே வலுச் சேர்க்கிறது. உட்செவிக்கும் கண்ணுக்கும் சண்டை வரக் கூடாது என்றால், தொலைவான அடிவானத்தைப் பார்த்தபடியோ கண்ணை மூடிக்கொண்டோ ஒலிக்கதை கேட்பதுதானே சிறந்த வழி? பக்கவாட்டில் பறந்து போகும் பலகைகளைத் துரத்தித் தலையைத் திருப்பிக்கொண்டே இருப்பவனுக்கு வயிறு அமைதியாகவா இருக்கும்? இருட்டிய பிறகு சாளரத்தில் தெரிவது நம் முகம் மட்டுமே என்பதையும் அவர் மறந்துவிட்டார்.

சாளரவாசி:
இரவுக்குச் சொல் தொடர் இருக்கிறதே! ஒருவர் சொன்ன சொல்லின் கடைசி எழுத்தில் அடுத்தவர் தொடங்க வேண்டும். தமிழில் இதை விதி திருத்தாமல் ஆடினால் பத்து நிமிடத்தில் நின்றுவிடும் என்பது உண்மைதான். ‘மரம்’, ‘மதம்’, ‘மணம்’, ‘மயக்கம்’ என்று ஆட்டம் மகரத்திலேயே சுழலும். ‘கண்’, ‘யாழ்’, ‘வாள்’ என்று ஒருவர் முடித்துவிட்டால் அடுத்தவருக்கு வழியே இல்லை. அதனால் ‘ம்’ என்று முடியும் சொற்களை விலக்கிவிட்டு, தொடங்க முடியாத எழுத்து வந்தால் அதற்கு முந்திய எழுத்தை எடுத்துக்கொள்ளலாம் என்று வைத்துக்கொண்டால் ஆட்டம் நீளும். இதற்குக் கண்ணும் வேண்டாம், வெளிச்சமும் வேண்டாம்.

பின்னிருக்கை:
மூன்று வயதுக் குழந்தைக்கு இவை எதுவும் எட்டாது. ‘சிவப்புக் கார் தெரிந்தால் சொல்’ என்பதே அந்த வயதுக்குப் போதும், அதுவும் கொஞ்ச நேரத்துக்குத்தான். அதன்பின் தேவைப்படுவது வண்டியை நிறுத்தி இறக்கிவிட்டு ஓடவிடுவது.

அமைதிப்பிரியன்:
சேர விரும்பாதவரை விட்டுவிடுவது, மதிப்பெண் போடாமல் ஆடுவது ஆகிய இரண்டுக்கும் சாளரவாசி உடன்பட்டால், முதல் ஒரு மணி நேரத்துக்கு நானும் தடை சொல்லமாட்டேன்.

சாளரவாசி:
சேராதவரை விட்டுவிடலாம். மதிப்பெண் இல்லாமல் ஆடுவதற்கு உடன்பட முடியாது. யார் வென்றார் என்று தெரியாவிட்டால் ஊர் போய்ச் சேர்ந்த பிறகு எதைப் பற்றிச் சண்டை போடுவது?

சக்கரத்தின்பின்:
நீங்கள் இருவரும் எந்த முடிவுக்கு வந்தாலும், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டி நிற்கும். எனக்குத் தூக்கம் வந்தால் விடுகதை போட்டு விழிக்க வைக்க முயலாதீர்கள்; ஓரமாக நிறுத்திச் சிறிது நேரம் உறங்க விடுங்கள். என்ன பாட்டு ஒலிக்க வேண்டும் என்பதை ஓட்டுகிறவரே முடிவு செய்வார். அது இந்த விவாதத்துக்கு உட்பட்டதன்று.