டிரம்ஸ் பழசு, பேஸ் புதுசு: கிவானுகா அல்பம் பற்றி ஒரு கேள்வி

கல்முனை_சவுண்ட்:
கல்யாண வீட்டுக்கும் கோயில் திருவிழாவுக்கும் ஸ்பீக்கர் கட்டுகிற தொழில். பைலாவும் சினிமாப் பாட்டும்தான் நமக்குத் தெரிந்தது. அறுகம்பேயில் ஒரு கடைக்குப் பொக்ஸ் பூட்டிவிட்டுச் சத்தம் பார்க்க, கடைக்காரர் மைக்கேல் கிவானுகா என்ற இங்கிலாந்துப் பாடகரின் 'ஸ்மோல் சேஞ்சஸ்' அல்பத்தைப் போட்டார். 2024 நவம்பரில் வந்ததாம். மறுகா எங்க வேலை? நின்று கேட்டேன். இப்ப லொறியிலும் அதுதான். "அண்ணே, நித்திரை வருது" என்று பொடியன்கள் புறுபுறுக்கிறார்கள்.

டிரம்ஸ் எழுபதுகளின் சத்தம். அடித்த உடனே அடங்கிவிடுகிறது. வயலின்களும் பின்னால் பாடும் குரல்களும் அப்படித்தான். பேஸ் கிட்டார் மட்டும் வேறு. அடியிலிருந்து தள்ளுகிறது, ஒரு நூல் பிந்தித்தான் விழுகிறது. பழைய ரெக்கோட்டில் இவ்வளவு பேஸ் இருக்காதே? இதைப் போல வேறென்ன கேட்கலாம்?

கல்லடி_பேஸ்:
அண்ணே, உங்கட காதுக்கு ஒரு கும்பிடு. அதில் பேஸ் வாசித்தவர் பீனோ பலடீனோ. 2000இல் வந்த, அமெரிக்கப் பாடகர் டி'ஏஞ்சலோவின் 'வூடூ' அல்பத்திலும் அவர்தான். தாளத்துக்குப் பின்னால் இழுத்து வாசிக்கும் அந்த விளையாட்டை அங்கே முழுசாகக் கேட்கலாம். டிரம்ஸில் மந்திரம் ஒன்றுமில்லை, தோலில் துணி போட்டு மைக்கைக் கிட்ட வைத்தால் போதும். பழைய இசைத்தட்டில் பேஸ் கூடினால் ஊசி துள்ளிவிடும், அதனால் குறைத்துத்தான் வெட்டுவார்கள். 'ஸ்மோல் சேஞ்சஸ்' தயாரித்தவர்கள் டேஞ்சர் மவுஸும் இன்ஃப்ளோவும். இதே ஆட்கள் செய்த 'கிவானுகா' அல்பம் (2019) மறு வருடம் பிரிட்டனின் மெர்குரி இசைப் பரிசு எடுத்தது. அதையும் விடாதீங்க.

அக்கரைப்பற்று_நானா:
தம்பி, மூலத்துக்குப் போங்க. கர்ட்டிஸ் மேஃபீல்டின் 'கர்ட்டிஸ்' 1970, மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஒன்' 1971. கேட்டால் இந்தப் புதுசெல்லாம் நகல் என்று விளங்கும்.

கல்முனை_சவுண்ட்:
நானா, இரண்டையும் இரவு கேட்டேன். மார்வின் கேயில் அந்தக் கொங்கா மேள அடி, அப்பப்பா! ஆனால் நகல் என்று சொல்ல மாட்டேன். நகல் எடுக்கிறவன் பேஸையும் பழசாக்கியிருப்பான். கிவானுகா ஒவ்வொரு வாத்தியத்தையும் ஒவ்வொரு காலத்தில் விட்டிருக்கிறார், நடுவில் குரல் அவசரமில்லாமல் போகிறது. 'வூடூ' இனித்தான்.

அக்கரைப்பற்று_நானா:
சரி, பேஸ் விசயத்தில் நீங்க வென்றீங்க. குரலுக்கு நான் இன்னும் மேஃபீல்ட் பக்கம்தான்.

கல்லடி_பேஸ்:
அண்ணே, 'வூடூ'வை போனில் போடாதீங்க, பேஸ் பாதி காணாமல் போய்விடும். பெரிய பொக்ஸில் போடுங்க. அயலாருக்கு முதலே சொல்லிவிடுங்க.