மேற்குப் பார்த்த கார் ஷெட்டுக்குக் கண்ணாடிக் கதவு: கொத்தனார் ஏன் சிரிக்கிறார்?

கோட்டையூர் புதுமனை
கோட்டையூரில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறேன், பூச்சு வேலை நடக்கிறது. கார் ஷெட் மேற்குப் பார்த்தது. வாசல் 16 அடி அகலம், 8 அடி உயரம். டொராண்டோவில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் முழுக்கக் கண்ணாடி போட்ட கேரேஜ் கதவைப் பார்த்தேன். அலுமினியச் சட்டம், பொத்தானை அமுக்கினால் மடங்கி மடங்கி மேலே போய்விடும். அன்றிலிருந்து அதே நினைப்பு. ஷெட்டில் பாதியை மகளுக்குப் படிப்பறையாக்கி ஒரு ஏசி மாட்டவும் எண்ணம். விற்பவர், "இரட்டைக் கண்ணாடி சார், வெயிலும் தாங்கும், குளிரும் தாங்கும், கரண்ட் பில் குறையும்" என்கிறார். கொத்தனாரிடம் சொன்னேன், பதில் சொல்லாமல் சிரிக்கிறார். யாரை நம்புவது?

பட்டறைக்காரன்
காரைக்குடியில் இருபது வருடமாக ஷட்டரும் அலுமினிய வேலையும் செய்கிறேன். கண்ணாடி விற்றால் எனக்கும் லாபம்தான். இருந்தாலும் சொல்கிறேன், மேற்கு வாசலுக்கு வேண்டாம்.

தேவகோட்டை டு டொராண்டோ
அண்ணே, போட்டுப் பார்க்காமலே வேண்டாம் என்றால் எப்படி? இங்கே ஜனவரியில் மைனஸ் 15 வரை இறங்குகிற நாட்களும் உண்டு. எங்கள் பழைய கதவு ஒற்றைக் கண்ணாடி. காலையில் உள்பக்கம் உறைபனியைச் சுரண்டி எடுக்கலாம். மூன்று வருடம் முன்பு மாற்றினோம். இரட்டைக் கண்ணாடி, நடுவில் ஆர்கான் வாயு, லோ-ஈ பூச்சு (சூட்டைத் திருப்பி அனுப்புகிற, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய பூச்சு). வெளி அலுமினியமும் உள் அலுமினியமும் தொட்டுக்கொள்ளாதபடி நடுவில் பிளாஸ்டிக் பட்டை. இப்போது சின்ன ஹீட்டரிலேயே உள்ளே 15 டிகிரி நிற்கிறது. வெயில் அடிக்கிற நாளில் ஹீட்டரே போடுவதில்லை. உள்ளுக்கும் வெளிக்கும் இங்கே 30 டிகிரி வித்தியாசம். நம் ஊரில் வெளியே 38, ஏசி அறை 28 என்றால் வெறும் 10. முப்பதைத் தாங்குகிற கதவுக்குப் பத்து எம்மாத்திரம்?

கணக்குப்பிள்ளை
கட்டடங்களின் ஏசி கணக்குப் போடுவது என் பிழைப்பு. டொராண்டோ நண்பர் எழுதியதில் ஒரு வரியைத் திரும்பப் படியுங்கள்: "வெயில் அடிக்கிற நாளில் ஹீட்டரே போடுவதில்லை." விஷயம் அங்கேதான் இருக்கிறது. மைனஸ் குளிரிலேயே ஓர் அறையைச் சூடாக்குகிற வெயில், சித்திரை மாதத்தில் கோட்டையூரில் என்ன செய்யும்?

கண்ணாடிக்கு இரண்டு எண் உண்டு. ஒன்று யு-மதிப்பு. உள்ளே வெளியே வெப்பநிலை வித்தியாசத்தால் எவ்வளவு சூடு கடக்கும் என்பதைச் சொல்லும். இன்னொன்று, மேலே விழும் வெயிலில் எத்தனை பங்கு உள்ளே வரும் என்பது. இதை வெயில் எண் என்று வைத்துக்கொள்வோம். விற்பவர்கள் முதல் எண்ணைத்தான் பெரிய எழுத்தில் அச்சடிப்பார்கள்.

உங்கள் கதவில் சட்டம் போகக் கண்ணாடி ஏறக்குறைய 10 சதுர மீட்டர். ஒற்றைக் கண்ணாடியின் யு-மதிப்பு 5.7 அளவில் இருக்கும், அதாவது ஒரு டிகிரி வித்தியாசத்துக்குச் சதுர மீட்டருக்கு 5.7 வாட். 10 டிகிரி வித்தியாசத்துக்கு 570 வாட். சாதா இரட்டைக் கண்ணாடிக்கு 2.8, அதாவது 280 வாட். பாதியாகிவிட்டது, சந்தோஷம். இனி வெயில். கோடையில் மாலை 4 மணிக்கு மேற்குச் சுவரில் சதுர மீட்டருக்குச் சுமார் 600 வாட் விழும். ஒற்றைக் கண்ணாடி அதில் 0.8 பங்கை உள்ளே விடும்: 4800 வாட். சாதா இரட்டைக் கண்ணாடி 0.7 பங்கு: 4200 வாட். ஒன்றரை டன் ஏசி மொத்தமாக வெளியே தள்ளுவதே 5250 வாட்தான். குழந்தை படிக்கிற அறையில் ஏசி பாதி நேரம் கதவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்.

தேவகோட்டை டு டொராண்டோ
நீங்கள் சாதா இரட்டைக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டீர்கள். நான் சொன்னது லோ-ஈ. இங்கிருந்தே அந்தக் கண்ணாடியை வரவழைக்கலாம் என்பது என் யோசனை. அப்புறம், இரும்புக் கதவு போட்டால் பகலிலேயே விளக்குப் போட வேண்டும். அந்தக் கரண்ட் கணக்கில் வராதா?

கணக்குப்பிள்ளை
எல்ஈடி பட்டி விளக்கு இரண்டு போட்டால் 40 வாட். 4200 வாட்டுக்கு எதிரில் அதை வைக்கிறீர்கள்.

லோ-ஈ விஷயத்தில் நீங்கள் சொல்வது பாதி சரி, மறுக்கவில்லை. ஆனால் லோ-ஈ என்பது ஒரே சரக்கு இல்லை. குளிர் நாட்டுக்கென்று ஒரு வகை இருக்கிறது, வெயிலை உள்ளே விட்டு, அறையின் சூட்டை மட்டும் வெளியே போகாமல் பிடித்து வைக்கும். உங்கள் வீட்டுக் கதவின் அருமையே அதுவாக இருக்கலாம். அதைக் கொண்டுவந்து இங்கே மேற்கில் மாட்டினால் உள்ளே வடகம் காயப்போடலாம். வெயிலைத் தடுக்கிற வகை வேறு. அதில் வெயில் எண் 0.3 வரை இறங்கும். அப்போதும் 1800 வாட் வரும். 40 மில்லிமீட்டர் பாலியூரித்தேன் நுரை அடைத்த இரும்புக் கதவு, வெளிர் நிறம், ஓரங்களில் ரப்பர் ஒழுங்காக இருந்தால் முந்நூறு நானூறு வாட்டில் முடிந்துவிடும்.

பள்ளத்தூர் ஆச்சி
வாட்டு கணக்கெல்லாம் எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டு வளவில் மே மாதம் மதியம் இரண்டு மணிக்கு வந்து உட்கார்ந்து பாருங்கள். சுவர் ஒன்றரை அடி, மேலே நாட்டு ஓடு அடுக்கடுக்காக, நடுவில் முற்றம். ஃபேன் போதும். இப்போது கட்டுகிறவர்கள் வெயிலை வெற்றிலை பாக்கு வைத்து உள்ளே அழைத்துவிட்டு, அதைத் துரத்த ஏசி வாங்குகிறார்கள்.

கோட்டையூர் புதுமனை
ஆச்சி, பர்மாத் தேக்கும் இத்தாலி மார்பிளும் பெல்ஜியம் கண்ணாடியும் கப்பலில் கொண்டுவந்து இறக்கியவர்கள் நம் ஐயாக்கள்தானே? ஆத்தங்குடித் தரைக்கல்லுக்கே அந்தப் பளபளப்பு கண்ணாடித் தட்டில் வார்ப்பதால்தான் வருகிறது. அவர்கள் புதுசு போட்டால் பெருமை, நான் போட்டால் தப்பா?

பள்ளத்தூர் ஆச்சி
கொண்டுவந்ததை யார் குறை சொன்னது தம்பி? எங்கே வைத்தார்கள் என்று பாருங்கள். எங்கள் வீட்டில் கலர் கண்ணாடி எல்லாம் கதவுக்கும் சன்னலுக்கும் தலைமாட்டில், முழம் அகலத்தில், அதுவும் தாழ்வாரத்து நிழலுக்குள்ளே. பதினாறு அடிக்கு யாரும் வெயிலில் நிறுத்தி வைக்கவில்லை.

பட்டறைக்காரன்
ஆச்சி சொன்னதுக்கு மேல் நான் என்ன சொல்ல. பெயர் வேண்டாம், இங்கே ஒரு வீட்டில் வேறொருவர் போட்ட கதவு, சாம்பல் நிற டின்ட் கண்ணாடி, ஒற்றைதான். "கலர் கண்ணாடி, சூடு வராது" என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். சாயந்திரம் உள்பக்கம் கை வைக்க முடியவில்லை. அந்த நிறம் வெயிலைத் திருப்பி அனுப்புவதில்லை, குடித்துக்கொள்கிறது. குடித்த சூட்டில் ஒரு பங்கை உள்ளேதானே கக்கும். இன்னொரு இடத்தில் இரட்டைக் கண்ணாடி மேல் கூலிங் ஃபிலிம் ஒட்டினார்கள். ஃபிலிம் ஒட்டிய கண்ணாடி சூடேறி ஓரத்திலிருந்து விரிசல் விட்டது. டஃபண்டு கண்ணாடியாக, அதாவது சூடேற்றிப் பதப்படுத்திய உறுதியான கண்ணாடியாக இருந்திருந்தால் தப்பித்திருக்கலாம்.

எடையையும் யாரும் பேசவில்லை. கண்ணாடி ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குச் சதுர மீட்டருக்கு இரண்டரை கிலோ. 5 மில்லிமீட்டர் இரண்டு என்றால் 25 கிலோ. 10 சதுர மீட்டருக்கு 250 கிலோ, சட்டம் தனி. கதவின் எடையைத் தாங்குகிற ஸ்பிரிங் சரியாக முறுக்கி இருந்தால் கரண்ட் போனாலும் கையால் தூக்கலாம். ஸ்பிரிங் தளர்ந்துபோனால் நாலு ஆள் கூப்பிட வேண்டும்.

தேவகோட்டை டு டொராண்டோ
சரி, வெயில் நேராக விழாமல் பெரிய சன்ஷேடு இழுத்துவிட்டால்? அப்போது கண்ணாடி போடலாம் இல்லையா? எல்லாரும் சேர்ந்து கண்ணாடியைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறீர்கள், மேற்கு வெயில்தானே குற்றவாளி.

கணக்குப்பிள்ளை
ஒப்புக்கொள்கிறேன், மேற்கு வெயில்தான் குற்றவாளி. வடக்குப் பார்த்த ஷெட்டாக இருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். ஆனால் மேற்கில் சன்ஷேடு கைகொடுக்காது. ஏப்ரலில் நம் பக்கம் 4 மணிக்குச் சூரியன் தொடுவானத்திலிருந்து ஏறக்குறைய 34 டிகிரி உயரத்தில் நிற்கும். 2 அடி சன்ஷேடு கதவின் மேல் ஒன்றேகால் அடியை மட்டும் மறைக்கும். 8 அடியும் மறைய வேண்டுமானால் 12 அடி நீட்ட வேண்டும். 5 மணிக்கு அதுவும் போதாது.

மறைப்பு கதவுக்கு முன்னால் செங்குத்தாகத் தொங்க வேண்டும். அதுவும் வெளியே. உள்ளே திரை போட்டால் வெயில் கண்ணாடியைத் தாண்டி வந்த பிறகு திரையில் பட்டுச் சூடாகும். அந்தச் சூடு பெரும்பாலும் உள்ளேயே தங்கிவிடும், கண்ணாடி அதை வெளியே விடாது. பூட்டி வைத்த கார் வெயிலில் என்னாகிறது? அதேதான்.

பள்ளத்தூர் ஆச்சி
மூங்கில் தட்டி என்று ஒன்று உண்டு. சுருட்டி மேலே கட்டிக்கொள்ளலாம்.

தேவகோட்டை டு டொராண்டோ
லட்ச ரூபாய்க் கதவுக்கு முன்னால் மூங்கில் தட்டி! நல்லாயிருக்கு ஆச்சி.

ஆனால் ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். இங்கேயும் எல்லாம் சுகம் இல்லை. காரில் ஒட்டிய பனி கேரேஜுக்குள் உருகித் தரை ஈரமாகும். அந்த ஈரம் இரட்டைக் கண்ணாடியிலும் வேர்க்கும், சட்டத்தின் மூலைகளில் இன்னும் அதிகம். பக்கத்து வீட்டில் நுரை அடைத்த கதவு, அவர்களுக்கு ஹீட்டர் செலவு எங்களைவிடக் குறைவு. வெளிச்சத்துக்கும் அழகுக்கும்தான் நாங்கள் காசு கொடுத்தோம். அதைக் கூடாது என்று சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது?

கணக்குப்பிள்ளை
அழகுக்குக் காசு கொடுப்பதை யாரும் தடுக்கவில்லை. "கரண்ட் பில் குறையும்" என்ற வார்த்தையைத்தான் தடுக்கிறேன். உங்கள் பக்கத்து வீட்டுக் கணக்கும் சரியாகத்தான் வருகிறது. 30 டிகிரி வித்தியாசத்தில் உங்கள் கதவில் மணிக்கு முக்கால் யூனிட்டுக்கு மேல் சூடு போகும், அவர்கள் கதவில் அதில் பாதி. குளிரில் யு-மதிப்பும் காற்றுக் கசிவும் பேசும், நம் ஊரில் வெயில் எண் பேசும். மார்கழியில் இங்கே விடிகாலையில் 20 டிகிரி, அதற்குக் கதவு என்ன, கம்பளியே அதிகம்.

கசிவு என்றதும் ஒரு கணக்கு. 16 அடிக் கதவின் அடியில் 5 மில்லிமீட்டர் இடுக்கு இருந்தால், சுவரில் அரை அடிக்கு அரை அடி ஓட்டை போட்டதற்குச் சமம். எந்தக் கதவு வாங்கினாலும் அடி ரப்பரைப் பாருங்கள்.

கோட்டையூர் புதுமனை
மனசு கொஞ்சம் மாறியிருக்கிறது, முழுக்க இல்லை. ஷெட்டுக்குள் செங்கல் தடுப்புச் சுவர் எழுப்பிப் படிப்பறையைக் கிழக்கே தள்ளிவிடலாம் என்று பார்க்கிறேன். கார் நிற்கிற பக்கத்துக்கு ஏசி இல்லை, மேலே இரண்டு எக்ஸாஸ்ட். கதவு நுரை அடைத்த இரும்பு, உச்சி வரிசை மட்டும் கண்ணாடி, வெளிச்சத்துக்கு. அந்த ஒரு வரிசையிலாவது வெயிலைத் தடுக்கிற லோ-ஈ போடுகிறேன்.

பட்டறைக்காரன்
போடுங்கள். ஆனால் மாட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள். அந்தப் பூச்சு வெளிக் கண்ணாடியின் உள்முகத்தில் இருக்க வேண்டும், அதாவது தெருவிலிருந்து எண்ணினால் இரண்டாவது முகம். பசங்க அவசரத்தில் திருப்பி மாட்டிவிடுவார்கள், பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். திருப்பி மாட்டினால் வெயில் கூடுதலாக உள்ளே வரும். இருட்டினதும் ஒரு தீக்குச்சியைப் பற்றவைத்து வெளியே நின்று கண்ணாடிக்கு நேரே காட்டுங்கள். நாலு சுடர் தெரியும். அதில் ஒன்று நிறம் மாறி இருக்கும், அதுதான் பூச்சு இருக்கிற முகம். உங்கள் பக்கத்திலிருந்து இரண்டாவது சுடராக இருந்தால் சரி. மூன்றாவதாக இருந்தால் கழற்றச் சொல்லுங்கள்.

தேவகோட்டை டு டொராண்டோ
இதை இன்று ராத்திரியே எங்கள் கதவில் பார்க்கிறேன்.

அண்ணே, பார்த்தேன். மூன்றாவது.

கணக்குப்பிள்ளை
உங்கள் ஊருக்கு அது சரிதான், விட்டுவிடுங்கள்.

கோட்டையூர் புதுமனை
விற்பவருக்குப் போன் போட்டு, "வெயிலில் எத்தனை பங்கு உள்ளே வரும், அந்த எண் என்ன?" என்று கேட்டேன். "அப்படி ஒரு நம்பர் இருக்கா சார்?" என்கிறார்.