தெரிந்துகொள்ளுதலையும் அன்பையும் எப்படி இணைத்துச் சொல்வது?

கிறிஸ்துவுக்குள் அன்பானவர்களுக்கு ஸ்தோத்திரம். கோபிசெட்டிபாளையம் பக்கத்து ஊரொன்றில் வேதபாட வகுப்பு நடத்தும் நான், ஒரு கேள்விக்கு விடை சொல்ல உங்கள் உதவியை வேண்டுகிறேன். கொலோசெயர் 3:12-ஐ வாசித்தபோது, ‘தெரிந்துகொள்ளப்பட்டவர்கள்’, அதாவது தேவன் தமக்கென்று தேர்ந்தெடுத்தவர்கள், என்று நம்மை முதலில் அழைத்துவிட்டு, அதன் பிறகே இரக்கத்தையும் சாந்தத்தையும் தரித்துக்கொள்ளச் சொல்கிறார் பவுல் என்றும், ஆகவே நம் அன்பு கிருபையைச் சம்பாதித்துத் தரும் உழைப்பன்று, கிருபையிலிருந்தே பிறப்பது என்றும் விளக்கினேன்.

மஞ்சள் வேகவைக்கும் வேலைக்குப் போய்வருகிற, விரலிடுக்கில் கறை மாறாத அம்மா ஒருவர், “என்னையத் தெரிஞ்சுக்கிட்டவரு என்ற பொறந்தவன ஏனுங்க விட்டுப்போட்டாரு?” என்று கேட்டார். அந்தக் குரல் இன்னும் என் காதில் நிற்கிறது. தேவன் தம் சித்தத்தின்படியே சிலரைத் தெரிந்துகொள்கிறார் என்று, நெதர்லாந்தில் 1618–1619இல் கூடிய டார்ட் திருச்சபைச் சங்கம் செய்த தீர்மானங்களையும், ஒருவர் விசுவாசிப்பார் என்று முன்னறிந்தே தேவன் தெரிந்துகொள்கிறார் என்று அதற்கு முன்பே ஆர்மீனியஸ் என்ற இறையியலாளரின் வழியினர் எழுப்பிய மறுப்பையும் அவர் முன் அடுக்க எனக்கு மனம் வரவில்லை.

1 யோவான் 4:19, நம் பழைய மொழிபெயர்ப்பில் ‘அவர் முந்தி நம்மிடத்தில் அன்புகூர்ந்தபடியால் நாமும் அவரிடத்தில் அன்புகூருகிறோம்’ என்று உள்ளது. இதிலுள்ள ‘அவரிடத்தில்’ என்ற சொல் தொன்மையான முக்கியக் கிரேக்கப் பிரதிகள் சிலவற்றில் இல்லை. அவற்றில் ‘நாம் அன்புகூருகிறோம்’ என்று மட்டுமே இருக்கிறது. முந்தி நேசிக்கப்பட்டவர் தம் உடன்பிறந்தவரையும் நேசிக்கவே தெரிந்துகொள்ளப்பட்டார் என்று அங்கிருந்து தொடங்கலாமா, அல்லது அது அந்த அம்மாவின் துயரத்தைத் தட்டிக்கழிப்பதாகுமா? இத்தகைய கேள்வியைச் சந்தித்த போதகர்கள் வருகிற ஞாயிறுக்குள் எழுதினால் மிகுந்த நன்றியுடையவனாயிருப்பேன்.