2^61 − 1 பகா எண்தானே? என் லூக்காஸ்–லெமர் நிரல் ஏன் இல்லை என்கிறது?

கேள்வி:
வணக்கம். மெர்சென் எண்கள் (2^p − 1 வடிவ எண்கள்) பகா எண்களா என்று சோதிக்க லூக்காஸ்–லெமர் முறையில் சி மொழியில் ஒரு நிரல் எழுதியுள்ளேன். 4-இல் தொடங்கி, ஒவ்வொரு படியிலும் வர்க்கப்படுத்தி, 2-ஐக் கழித்து, 2^p − 1 ஆல் வகுத்து மீதியை எடுக்கிறேன். p − 2 படிகளின் முடிவில் மீதி 0 எனில் அது பகா எண். p = 7 என்றால் 14, 67, 42, 111, 0 என்று சரியாகவே வருகிறது. 13, 17, 19, 31 ஆகியவற்றுக்கும் பிழையில்லை. ஆனால் p = 61 கொடுத்தால் இறுதியில் 0 வரவில்லை. 2305843009213693951 பகா எண் என்பதை ரஷ்யப் பாதிரியார் பெர்வூஷின் 1883-இலேயே, கணினி இல்லாத காலத்தில் நிறுவிவிட்டார். 2-ஐ அடியாகக் கொண்ட ஃபெர்மா சோதனையும் (2^(n−1)-ஐ n ஆல் வகுத்தால் மீதி 1 வருகிறதா என்று பார்ப்பது) பகா எண் என்றே சொல்கிறது. எதை நம்புவது?

பதில்:
முறையில் குறையில்லை; 64 பிட் மாறியில் இடம் போதவில்லை. மீதிகளை வரிசையாக அச்சிட்டுப் பாருங்கள்: 14, 194, 37634, 1416317954, 2005956546822746114. இந்த ஐந்தும் சரியானவை. ஆறாம் படியில் கடைசி எண்ணை வர்க்கப்படுத்தும்போது 37 இலக்க எண் வருகிறது. 64 பிட்டோ 20 இலக்கங்களுக்கு மேல் தாங்காது. மிஞ்சியது எந்த எச்சரிக்கையும் இன்றி வெட்டப்படுவதால், அதன்பின் வருவன எல்லாம் பொருளற்ற எண்கள். p = 31 வரை வர்க்கம் 62 பிட்டுக்குள் அடங்கியதால்தான் பிழை வெளியே தெரியவில்லை. பெருக்கலை மட்டும் 128 பிட் வகையில் செய்யுங்கள், அல்லது பைத்தானில் எழுதிப் பாருங்கள்.

ஃபெர்மா சோதனையை இங்கே சாட்சிக்கு அழைக்க வேண்டாம். p பகா எண்ணாக இருந்தால், M = 2^p − 1 என்பதற்கு M − 1 எப்போதும் p ஆல் வகுபடும்; 2^p-ஐ M ஆல் வகுத்தால் மீதி 1 என்பதால், 2^(M−1) என்பதற்கும் மீதி 1 வந்தே தீரும். p = 11 கொடுத்துப் பாருங்கள்: 2047 = 23 × 89 என்று பிரியக்கூடிய எண்ணும் அதில் தேறிவிடும்.

கேட்டவர்:
மிக்க நன்றி. 128 பிட்டுக்கு மாற்றியதும் 59-ஆம் படியில் 0 வந்தது. 2047 ஃபெர்மா சோதனையில் தேறியதையும் கண்டேன். இந்த முறையைச் சாராமல் விடையை உறுதிசெய்ய வேறு வழி உண்டா?

மற்றொருவர் பதில்:
உண்டு. 2^61 − 1 என்பதற்குப் பகாக் காரணி ஏதேனும் இருந்தால், அது 122k + 1 வடிவில் இருப்பதோடு, 8 ஆல் வகுக்க 1 அல்லது 7 மீதி தர வேண்டும். அதாவது k-ஐ 4 ஆல் வகுத்தால் மீதி 0 அல்லது 3. வர்க்கமூலம் சுமார் 151 கோடியே 85 லட்சம் என்பதால், k-ஐ 1 கோடியே 25 லட்சம் வரை ஓட்டினால் போதும். அதிலும் பாதி விலகிவிடும்.

கேட்டவர்:
ஓட்டிப் பார்த்தேன். எந்த k-க்கும் மீதியின்றி வகுபடவில்லை.