வளவு வீடு குழு: ஆத்தாவுக்கு ஊசி

சிகப்பி அத்தை: எல்லோரும் கவனியுங்கள். ஆத்தாவுக்கு மணிக்கட்டு மாவுக்கட்டு பிரித்தாயிற்று. முதுகு எக்ஸ்ரேயில் இரண்டு எலும்புகள் நசுங்கியிருக்கின்றன. எலும்பு வலுப்பட வருடத்துக்கு ஒரு முறை போடும் ஊசியை வெள்ளிக்கிழமையே போட்டுவிடலாம் என்கிறார் டாக்டர். முன்னோருக்குப் படைக்கும் நம் படைப்புக்குள் ஆத்தா நடமாட வேண்டும். சரியா, இல்லையா?

மெய்யப்பன் (சிங்கப்பூர்): போட்டுவிடுங்கள். பணம் அனுப்புகிறேன்.

வள்ளியம்மை: பணம் யார் கேட்டார்கள்?

கருப்பையா: அந்த ஊசியால் தாடை அழுகிவிடும் என்று எதிர்வீட்டு ஆச்சி சொல்கிறார்களே?

லெட்சுமணன் சித்தப்பா: பொறுங்கள். எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கருப்பையா: இன்று தூங்கினாற்போலத்தான்.

லெட்சுமணன் சித்தப்பா: எலும்பு அடர்த்தி ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பார்த்தேன். டி ஸ்கோர், அதாவது இளவயது எலும்போடு ஒப்பிடும் எண், மைனஸ் 3.4. மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழே என்றால் எலும்புப்புரை என்று எழுதிவிடுவார்கள். ஆனால் எலும்பில் தாது எவ்வளவு என்றுதான் ஸ்கேன் சொல்லும், ஏன் குறைந்தது என்று சொல்லாது. நம் வீட்டுச் சுவரை வைத்துச் சொல்கிறேன். எலும்புப்புரை என்றால் சுவரே மெலிந்துபோவது. ஆஸ்டியோமலேசியா என்றால் சுவர் எழும்பியிருக்கிறது, சுண்ணாம்பு இறுகவில்லை. குழந்தைகளுக்கு வந்தால் அதுவே ரிக்கெட்ஸ். இரண்டிலும் ஸ்கேன் எண் இறங்கும். ஆத்தாவின் வைட்டமின் டி 8 தான். 20க்குக் கீழே இருந்தாலே குறைவு. ஆல்கலைன் பாஸ்படேஸ் என்ற ரத்த நொதி ஏறியிருக்கிறது. முறிவு ஆறும்போதும் அது ஏறும், ஒப்புக்கொள்கிறேன். வெறும் எலும்புப்புரை என்றால் ரத்தத்தில் கால்சியம் ஏன் தாழ்ந்தது? தொடை வலிக்கிறது, தூணைப் பிடித்துத்தான் எழுகிறார்கள் என்று அக்காவே சொன்னாயே?

வள்ளியம்மை: தூண் என்றதும் நினைவு வருகிறது. அந்த நான்கு பர்மா தேக்குத் தூண்களை விற்றது யார்?

மெய்யப்பன்: ஆச்சி, அதற்கு இதுவா இடம்?

வள்ளியம்மை: எதற்குத்தான் இங்கே இடம் இருக்கிறது.

சிகப்பி அத்தை: தினமும் காலை ஆறு மணிக்கு முற்றத்தில் உட்கார வைக்கிறேன். டி எப்படிக் குறையும்?

லெட்சுமணன் சித்தப்பா: ஆறு மணி வெயிலில் அதற்கு வேண்டிய புறஊதாக் கதிர் கிட்டத்தட்ட இல்லை. பத்து மணிக்கு மேல்தான் வரும்; அப்போது ஆத்தா இரண்டாங்கட்டு நிழலில் இருக்கிறார்கள். வயதான தோலும் முன்போலத் தயாரிக்காது.

கருப்பையா: காரைக்குடியில் வெயில் பற்றாக்குறை. வெளியே சொல்லிவிடாதீர்கள்.

லெட்சுமணன் சித்தப்பா: அந்த ஊசி ஜோலெட்ரானிக் அமிலம். எலும்பைக் கரைக்கும் செல்களை அடக்கும். எலும்பிலிருந்து ரத்தத்துக்கு வரும் கால்சியம் குறையும். இப்போதே தாழ்ந்திருக்கும்போது போட்டால் இன்னும் விழும். கை கால் இழுக்கும், இதயத்துடிப்பே தடுமாறலாம். முதலில் டியையும் கால்சியத்தையும் நிரப்ப வேண்டும். 60,000 யூனிட், வாரத்துக்கு ஒன்று, எட்டு வாரம் என்பது வழக்கம். தினமும் கொடுத்துவிடாதீர்கள்! சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினும் பார்க்க வேண்டும். சிறுநீரகம் மிகத் தளர்ந்திருந்தால் இந்த ஊசி கூடாது. டியைச் செயல்படும் வடிவத்துக்கு மாற்றுவதும் சிறுநீரகம்தான். பாராதைராய்டு ஹார்மோன்...

மெய்யப்பன்: சுருக்கமாக?

லெட்சுமணன் சித்தப்பா: வெள்ளிக்கிழமை ஊசி வேண்டாம். டாக்டரிடம் இந்த எண்களைக் காட்டிக் கேளுங்கள்.

மெய்யப்பன்: இதை முதல் வரியில் சொல்லியிருக்கலாம்.

கருப்பையா: தாடை?

லெட்சுமணன் சித்தப்பா: எலும்புப்புரைக்குப் போடும் அளவில் மிக அரிது. புற்றுநோய்க்கு அடிக்கடி போடுபவர்களுக்குத்தான் கூடுதல். எடுக்க வேண்டிய பல் இருந்தால் ஊசிக்கு முன்பே எடுத்துவிட வேண்டும்.

சிகப்பி அத்தை: இரண்டு பல் ஆடுகின்றன.

வள்ளியம்மை: அதை வைத்துக்கொண்டுதான் நேற்று சீப்புச் சீடை கேட்டார்கள்.

கருப்பையா: ஒன்று சொல்கிறேன், யாரும் அப்பத்தாவிடம் கேட்டுவிடாதீர்கள். சந்தையில் ஒருவரிடம் மூட்டுவலிக்கு மாத்திரைப் பொட்டலம் வாங்கிச் சாப்பிடுகிறார்கள். வேலைக்கு வரும் அம்மாதான் வாங்கி வருகிறார். வலி உடனே பறந்துவிடுகிறதாம். முகம்கூட உப்பியிருக்கிறது.

லெட்சுமணன் சித்தப்பா: எத்தனை நாளாக?

கருப்பையா: போன படைப்புக்கு முன்பிருந்து.

லெட்சுமணன் சித்தப்பா: ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். மூன்று மாதம் போனாலே எலும்பை அரிக்கும். புது எலும்பு கட்டுவதையும் தடுக்கும். பொட்டலத்தை டாக்டரிடம் காட்டுங்கள். ஆனால் இன்றே பிடுங்கி வைத்துவிடாதீர்கள். நெடுநாள் சாப்பிட்டிருந்தால் உடம்பு சொந்தமாக ஸ்டீராய்டு சுரப்பதைக் குறைத்திருக்கும். டாக்டர் சொல்லும் கணக்கில் படிப்படியாகத்தான் நிறுத்த வேண்டும்.

சிகப்பி அத்தை: என் கண் முன்னேயா இதெல்லாம்?

வள்ளியம்மை: உங்கள் கண் சீரியலில் இருந்தது, அத்தை.

(சிகப்பி அத்தை குழுவிலிருந்து வெளியேறினார்)

மெய்யப்பன்: ஆச்சி!!

(மெய்யப்பன் சிகப்பி அத்தையைச் சேர்த்தார்)

சிகப்பி அத்தை: ஆத்தாவுக்காக வந்தேன். கேழ்வரகுக் கூழ் கொடுக்கலாமா?

லெட்சுமணன் சித்தப்பா: தாராளமாக. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம். டி ஏறாமல் குடல் அதைச் சரியாக உறிஞ்சாது, அவ்வளவுதான்.

மெய்யப்பன்: மதுரையில் ஹார்மோன் டாக்டரிடம் யார் அழைத்துப் போவது? திங்கள்?

கருப்பையா: திங்கள் எனக்கு வேலை.

வள்ளியம்மை: செவ்வாய் வேண்டாம்.

மெய்யப்பன்: புதன்?

வள்ளியம்மை: கார் யாருடையது?

லெட்சுமணன் சித்தப்பா: சனிக்கிழமை பல்லவன் ரயிலில் வருகிறேன். நேரில் பேசுவோம்.

சிகப்பி அத்தை: வரும்போது என் வெள்ளித் தூக்கைக் கொண்டு வா, தம்பி.

லெட்சுமணன் சித்தப்பா: எந்தத் தூக்கு?

கருப்பையா: படைப்புச் சமையல்காரர் அட்வான்ஸ் கேட்டு வாசலில் நிற்கிறார். யாராவது பதில் சொல்லுங்கள்.